மாறுபட்ட தீர்ப்பு வந்தால் எது சட்டம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"3-க்கு 2" என்று தொலைக்காட்சியில் எழுத்து ஓடத் தொடங்கினால் போதும், ஜெயித்தது யார், தோற்றது யார் என்று விவாதம் கிளம்பிவிடும். எந்தக் கேள்விக்கு 3-க்கு 2 என்பதை மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கீழே உள்ள பதில்களில் பாதி அந்த ஒரு விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றன. பேச்செல்லாம் இந்திய உச்ச நீதிமன்றத்தையும் உயர் நீதிமன்றங்களையும் பற்றியது. தமிழ்நாட்டு வழக்கு கிடைத்த இடத்தில் அதையே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரே வழக்கில் நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதலாமா?

எழுதலாம். அரசியலமைப்புச் சட்டத்தின் 145(5) பிரிவு அதை வெளிப்படையாகவே சொல்கிறது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, வழக்கை விசாரித்த நீதிபதிகளில் பெரும்பான்மையினர் ஒப்புக்கொண்டதாக இருக்க வேண்டும். ஒப்புக்கொள்ளாத நீதிபதி தன் கருத்தைத் தனியாகத் தர அது தடையில்லை.

நடைமுறையில் மூன்று விதமாக நடக்கும். இரண்டு பேர் அமர்வில் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டால் வழக்குக்கு முடிவே கிடைக்காது. மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படை அமர்வில் சிலர் விலகி நின்றால் அவர்களுடையது சிறுபான்மைத் தீர்ப்பு. மூன்றாவது வகைதான் விவகாரமானது: முடிவை ஒப்புக்கொள்வார், ஆனால் காரணத்தை ஒப்புக்கொள்ளாமல் தனியாக எழுதுவார். செய்தியில் இவரைப் பெரும்பான்மைக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். சட்டக் கணக்கில் அப்படி எப்போதும் சேர்க்க முடியாது. ஏன் என்பதற்குக் கீழே வருகிறேன்.

இரண்டு நீதிபதிகளும் எதிரெதிராகத் தீர்ப்பு சொன்னால் வழக்கு என்ன ஆகும்?

தமிழ்நாட்டில் இதைப் பலரும் கண்கூடாகப் பார்த்திருக்கிறார்கள். 2017 ஆகஸ்டில் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி மீது நம்பிக்கை இல்லை என்று அதிமுக எம்எல்ஏக்கள் சிலர் ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். அவர்களில் 18 பேரைச் செப்டம்பர் 18 அன்று சபாநாயகர் தனபால் தகுதி நீக்கம் செய்தார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 2018 ஜூன் 14 அன்று தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி தகுதி நீக்கம் செல்லும் என்றார். அவருடன் அமர்ந்திருந்த நீதிபதி எம். சுந்தர் செல்லாது என்றார்.

இருவர் முன்னாலும் இருந்தது ஒரே ஆவணக்கட்டு, ஒரே கடிதம். சபாநாயகர் எடுத்த முடிவுக்குள் நீதிமன்றம் எவ்வளவு தூரம் கை நுழைக்கலாம் என்பதில்தான் பிரிந்தார்கள். சபாநாயகர் எடுத்தது அறவே ஏற்கமுடியாத முடிவு என்று சொல்ல முடியாவிட்டால் நீதிமன்றம் தலையிடக் கூடாது என்பது ஒரு பக்கம். அந்த முடிவில் உள்நோக்கமும் இயற்கை நீதி மீறலும் இருக்கின்றன, தலையிட்டே ஆக வேண்டும் என்பது இன்னொரு பக்கம்.

அப்புறம் மூன்றாவது நீதிபதி. முதலில் நீதிபதி விமலாவின் பெயர் அறிவிக்கப்பட்டது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், நீதிபதி எம். சத்யநாராயணன் நியமிக்கப்பட்டார். 2018 அக்டோபர் 25 அன்று அவர் தகுதி நீக்கம் செல்லும் என்றார். இடைத்தேர்தல் நடந்தது 2019 ஏப்ரலிலும் மேயிலும். 18 தொகுதிகள் ஒன்றரை ஆண்டுக்கு மேல் எம்எல்ஏ இல்லாமல் கிடந்தன. இரட்டைப்படை அமர்வின் விலை என்ன என்று யாராவது கேட்டால் நான் காட்டும் கணக்கு இதுதான்.

மூன்றாவது நீதிபதி ஏற்கெனவே உள்ள இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமா?

உரிமையியல் வழக்கா, குற்றவியல் வழக்கா என்பதைப் பொறுத்தது. உரிமையியல் பக்கத்தில், சென்னை, மும்பை, கொல்கத்தா போன்ற பழைய உயர் நீதிமன்றங்களில் லெட்டர்ஸ் பேட்டன்ட் (அவற்றை அமைத்த பழைய அரச சாசனம்) 36-ஆவது பிரிவு பொருந்தும். எந்தப் புள்ளியில் இருவரும் மாறுபட்டார்களோ அதை மட்டும் எழுதி அனுப்புவார்கள். மூன்றாமவர் அதற்கு மட்டும் பதில் சொல்வார். முதலில் விசாரித்தவர்களையும் சேர்த்துத் தலை எண்ணி முடிவு வரும். குற்றவியல் மேல்முறையீட்டில் அப்படி இல்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 392-ஆவது பிரிவு, இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 433. இதன்படி வழக்கு முழுவதும் மூன்றாமவர் முன் போகும், அவர் சொல்வதே தீர்ப்பு. அவர் இருவரில் ஒருவரின் வழியில்தான் நடக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஆட்கொணர்வு மனுக்களிலும் இந்தப் பிளவு வரும். அமைச்சர் செந்தில் பாலாஜியை 2023 ஜூன் 14 அன்று அமலாக்கத் துறை கைது செய்தபோது தொடரப்பட்ட மனுவில், ஜூலை 4 அன்று நீதிபதி நிஷா பானு விடுவிக்கச் சொன்னார், நீதிபதி பரத சக்கரவர்த்தி மனுவே நிலைக்காது என்றார். பத்தே நாளில், ஜூலை 14 அன்று, மூன்றாவது நீதிபதி கார்த்திகேயன் பரத சக்கரவர்த்தியின் பக்கம் சேர்ந்தார். ஆகஸ்ட் 7 அன்று உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஆள் காவலில் இருக்கிறார் என்றால் நீதிமன்றம் வேகமாக நகர முடியும் என்பதற்கு இது சாட்சி. 18 எம்எல்ஏக்கள் வழக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

உச்ச நீதிமன்றத்திலேயே 1-க்கு 1 ஆனால்?

மூன்றாவது நீதிபதியைக் கூப்பிடும் வழக்கம் அங்கே இல்லை. தலைமை நீதிபதியிடம் போகும், அவர் பெரிய அமர்வு அமைப்பார், வழக்கு புதிதாக விசாரிக்கப்படும். கர்நாடக ஹிஜாப் வழக்கில் 2022 அக்டோபர் 13 அன்று நீதிபதி ஹேமந்த் குப்தா மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தார், நீதிபதி சுதான்ஷு துலியா அவற்றை ஏற்றார். இப்படி ஆனால் கீழ் நீதிமன்றத் தீர்ப்புக்குத் தடை இல்லாத வரை அதுவே நடைமுறையில் நிற்கும். அந்த வழக்கில் நின்றது, வகுப்பறையில் ஹிஜாபுக்குப் போட்ட தடை செல்லும் என்று 2022 மார்ச் 15 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பு. ஆகவே "உச்ச நீதிமன்றம் ஹிஜாப் தடையை நீக்கியது" என்பதும் தப்பு, "உறுதி செய்தது" என்பதும் தப்பு.

தலைமை நீதிபதி எழுதியதுதானே தீர்ப்பு? அவர் எப்படித் தோற்க முடியும்?

அமர்வில் அவருக்கும் ஒரே ஓட்டுதான். எந்த வழக்கை யார் விசாரிப்பது என்று பிரித்துக் கொடுப்பதில் அவருக்கு அதிகாரம் உண்டு. தீர்ப்பில் கூடுதல் எடை கிடையாது. முத்தலாக் வழக்கில் (2017) தலைமை நீதிபதி கேஹர் சிறுபான்மையில் இருந்தார். பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 10 சதவீத இடஒதுக்கீடு தந்த 103-ஆவது திருத்த வழக்கில் (2022 நவம்பர் 7) தலைமை நீதிபதி யு.யு. லலித்தும் ரவீந்திர பட்டும் சிறுபான்மை. திருத்தம் 3-க்கு 2 என்ற கணக்கில் தப்பியது.

இதில் பெரிய குழப்பம் 2023 அக்டோபர் 17 அன்று நடந்தது. தன்பாலினத் திருமண வழக்கின் தீர்ப்பு நேரலையில் ஓடியது. தலைமை நீதிபதி சந்திரசூட் முதலில் வாசித்தார். திருமணமாகாத இணையர் சேர்ந்து தத்தெடுப்பதைத் தடுக்கும் விதி செல்லாது என்றார். உடனே "தத்தெடுக்க அனுமதி" என்று பலர் பகிரத் தொடங்கிவிட்டார்கள். பின்னாலேயே நீதிபதி பட் வாசித்தார், ஹிமா கோலி அவரோடு இருந்தார், நரசிம்மா தனியாக எழுதி அதே முடிவுக்கு வந்தார். மூன்று பேர். தலைமை நீதிபதியும் நீதிபதி கவுலும் சிறுபான்மையாகிப் போனார்கள், அந்த விதி அப்படியே நின்றது. ஆனால் இன்னொரு கேள்வி இருக்கிறது. திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமையா என்றால், அது அடிப்படை உரிமை இல்லை என்று ஐந்து பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அங்கே கணக்கு 5-க்கு 0. அந்த வழக்கை வெறுமனே "3-க்கு 2" என்று சொன்னால் பாதி விஷயம் காணாமல் போய்விடும்.

பெரும்பான்மையில் உள்ளவர்களே வேறு வேறு காரணம் சொன்னால் எது சட்டம்?

இதுதான் இந்தப் பக்கத்திலேயே கடினமான கேள்வி. முத்தலாக் வழக்கையே எடுத்துக்கொள்வோம். 400 பக்கத்தை ஒட்டிய தீர்ப்பு. கடைசியில் ஐந்து பேரும் கையெழுத்திட்ட உத்தரவு ஒரே ஒரு வாக்கியம்: வெவ்வேறு கருத்துகள் பதிவாகியுள்ள நிலையில், 3-க்கு 2 பெரும்பான்மையில் முத்தலாக் வழக்கம் ரத்து செய்யப்படுகிறது.

அந்த மூன்று பேர் யார்? நரிமனும் லலித்தும் ஒரு பக்கம். 1937-ஆம் ஆண்டு ஷரியத் சட்டம் முத்தலாக்குக்குச் சட்ட வலிமை தந்துவிட்டது, அது தான்தோன்றித்தனமாக இருக்கிறது, எனவே சமத்துவம் பேசும் 14-ஆவது பிரிவை மீறுகிறது என்றார்கள். குரியன் ஜோசப் மூன்றாமவர். அவர் இந்த வாதத்தின் முதல் படியையே ஏற்கவில்லை. 1937 சட்டம் தலாக்கை ஒழுங்குபடுத்தும் சட்டமே இல்லை, அதனால் 14-ஆவது பிரிவை வைத்து அளக்க முடியாது என்றார். அதாவது அந்தப் புள்ளியில் அவர் சிறுபான்மையில் இருந்த கேஹரோடு நின்றார். பிறகு ஏன் ரத்து? குர்ஆனுக்கு மாறானது எதுவும் ஷரியத் ஆகாது, 2002-இலேயே ஷமீம் ஆரா வழக்கில் நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது என்றார்.

இப்போது கேள்விக்கு ஒன்றாக எண்ணுங்கள். முத்தலாக் செல்லுமா? 3-க்கு 2, செல்லாது. 1937 சட்டத்தின் வழியாக 14-ஆவது பிரிவு மீறப்பட்டதா? அதற்கு இரண்டு ஓட்டுதான். தான்தோன்றித்தனமான சட்டத்தை அந்த ஒரே காரணத்துக்காக ரத்து செய்யலாமா? பொதுவான சட்டக் கேள்வியாக இதில் மட்டும் ஜோசப் நரிமனோடு ஒத்துப்போவதாக எழுதினார், ஆகவே மூன்று. அடுத்தடுத்த வழக்குகளில் வக்கீல்கள் தூக்கிப் பிடித்தது இந்தக் கடைசி மூன்றைத்தான்.

விதி சுருக்கமானது: பெரும்பான்மையினர் எல்லோரும் பொதுவாக ஒப்புக்கொண்ட காரணம் எதுவோ அதுவே பின்வரும் வழக்குகளைக் கட்டுப்படுத்தும். அப்படிப் பொதுவான காரணம் இல்லாவிட்டால் அந்தத் தீர்ப்பு அந்த வழக்கின் முடிவோடு நின்றுவிடும்.

சிறுபான்மைக் கருத்து தவறுதலாகச் சட்டமாகிவிட்டதுண்டா?

உண்டு. சரிசெய்ய 40 ஆண்டுக்கு மேல் ஆனது.

கர்நாடகத்தில் தனியார் ஒப்பந்தப் பேருந்துகளை அரசு எடுத்துக்கொண்டது. அந்தச் சட்டத்தை எதிர்த்து வந்த ரங்கநாத ரெட்டி வழக்கை 1977-இல் ஏழு நீதிபதிகள் விசாரித்து, ஏழு பேரும் சட்டம் செல்லும் என்றார்கள். முடிவில் பிளவே இல்லை. ஆனால் வி.ஆர். கிருஷ்ணய்யர், தமக்கும் பகவதி, ஜஸ்வந்த் சிங் ஆகியோருக்குமாகத் தனியாக எழுதினார். அரசியலமைப்புச் சட்டத்தின் 39(பி) பிரிவில் வரும் "சமூகத்தின் பொருள் வளங்கள்" என்பதில் தனியார் சொத்தும் அடங்கும் என்று விரிவாகவே எழுதினார். மற்ற நால்வருக்காக எழுதிய ஊன்ட்வாலியா, கிருஷ்ணய்யர் அதில் சொன்ன எல்லாவற்றையும் நாங்கள் ஏற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்தார்.

அந்த ஒரு வரியைப் பின்னால் வந்தவர்கள் கண்டுகொள்ளவில்லை. 1982-இல் சஞ்சீவ் கோக் வழக்கில் ஐந்து நீதிபதி அமர்வு கிருஷ்ணய்யரின் கருத்தை ஆதாரமாக வைத்துத் தீர்ப்பளித்தது. ஏழில் மூன்று பேர் சொன்னது, ஐந்து பேர் வாயால் சட்டமாகிவிட்டது. 2024 நவம்பர் 5 அன்று ஒன்பது நீதிபதி அமர்வுதான் இதைத் தவறு என்று சொல்லி, எல்லாத் தனியார் சொத்தும் அந்தப் பிரிவுக்குள் வராது என்று முடித்தது. அங்கும் ஒன்பது பேரும் ஒன்றாக இல்லை: ஏழு பேர் ஒரு பக்கம், நாகரத்னா ஓரளவு ஒத்துப்போனார், துலியா மறுத்தார். கிருஷ்ணய்யர் வழியைப் பற்றிப் பெரும்பான்மை எழுதிய வார்த்தைகள் வேண்டாதவை என்று பின்னவர்கள் இருவரும் வருத்தப்பட்டு எழுதினார்கள். அதில் எனக்கு அவர்களோடு உடன்பாடுதான். தவறு கிருஷ்ணய்யர் எழுதியதில் இல்லை, தலையை எண்ணாமல் மேற்கோள் காட்டியதில் இருக்கிறது.

தீர்ப்பில் எழுதியிருப்பதெல்லாம் சட்டமா?

இல்லை. வழக்கில் எழுந்த கேள்விக்குத் தேவைப்பட்ட காரணம் மட்டுமே கட்டுப்படுத்தும், போகிற போக்கில் சொன்னது கட்டுப்படுத்தாது. முன்னதை ரேஷியோ என்றும் பின்னதை ஆபிட்டர் என்றும் நீதிமன்ற வளாகத்தில் சொல்வார்கள்.

2024 ஆகஸ்ட் 1 அன்று பட்டியல் சாதிகளுக்குள் உள்ஒதுக்கீடு செய்யலாமா என்ற வழக்கில் 6-க்கு 1 என்று தீர்ப்பு வந்தது. பேலா திரிவேதி மட்டும் மாறுபட்டார். 2009-இலேயே அருந்ததியருக்கு 3 சதவீதம் கொடுத்துவிட்ட தமிழ்நாட்டில் இது பெரிய செய்தி. ஆனால் மறுநாள் பலரும் பேசியது வேறு: பட்டியல் சாதியினரில் வசதியானவர்களை விலக்கும் கிரீமி லேயர் வந்துவிட்டது என்று. நீதிபதி கவாய் அப்படி எழுதினார், விக்ரம் நாத், மித்தல், சர்மா ஆகியோர் சேர்ந்துகொண்டார்கள். ஏழில் நான்கு பேர், எண்ணிக்கை கூடப் பெரும்பான்மைதான்! இருந்தாலும் அது அந்த வழக்கில் கேட்கப்பட்ட கேள்வி இல்லை. கிரீமி லேயர் கொண்டுவரப் போவதில்லை என்று அதே மாதத்தில் மத்திய அரசு சொன்னது, அதில் சட்டச் சிக்கல் எதுவும் எழவில்லை.

இதைவிட வினோதமானது இந்தியா சிமென்ட்ஸ் வழக்கு (1989). கனிமங்களுக்குக் கட்டும் ராயல்டியின் மேல் தமிழ்நாடு செஸ் வசூலித்ததை ஏழு நீதிபதிகள் ரத்து செய்தார்கள். அந்தத் தீர்ப்பில் "ராயல்டி என்பது வரி" என்று ஒரு வாக்கியம் விழுந்தது. 2004-இல் கேசோராம் வழக்கில் ஐந்து நீதிபதி அமர்வு, அது கைப்பிழை, "ராயல்டி மீதான செஸ் என்பது வரி" என்று இருந்திருக்க வேண்டும் என்றது. ஏழு பேர் எழுதியதை ஐந்து பேர் திருத்துவதா? பெரிய சண்டை. கடைசியில் 2024 ஜூலை 25 அன்று ஒன்பது பேர் அமர்ந்து, 8-க்கு 1 என்று, ராயல்டி வரி அல்ல என்று தீர்த்தார்கள். மாறுபட்டவர் நாகரத்னா. கனிம நிலங்களுக்கு வரி போடும் தமிழ்நாட்டின் 2024 சட்டம் இதற்குப் பிறகுதான் வந்தது.

ஏழு பேர் அமர்வில் 4-க்கு 3, ஐந்து பேர் அமர்வில் 5-க்கு 0. எது பெரியது?

ஏழு பேர் அமர்வு. நால்வர் சொன்னதுதான் ஏழு பேர் அமர்வின் தீர்ப்பு, அதற்கு ஐவர் அமர்வு கட்டுப்பட வேண்டும். ஓட்டு எண்ணிக்கையை ஒரு அமர்வுக்குள் மட்டும்தான் பார்க்க வேண்டும், அமர்வுகளுக்கு இடையில் அமர்வின் அளவைத்தான். 2022 செப்டம்பரில் டிரிமூர்த்தி பிராக்ரன்சஸ் வழக்கில் இது தீர்க்கப்பட்டது. அந்த ஐவர் அமர்வுக்குத் தலைமை வகித்தவர் இந்திரா பானர்ஜி, அதாவது 18 எம்எல்ஏக்கள் வழக்கில் மாறுபட்ட தீர்ப்பு தந்த இருவரில் ஒருவர். ஹிஜாப் வழக்கில் பிரிந்த குப்தாவும் துலியாவும் அதே அமர்வில் இருந்தார்கள்.

சிறுபான்மைத் தீர்ப்பால் என்னதான் பயன்? தோற்றுப்போன கருத்துதானே?

அன்றைக்குத் தோற்றதுதான். கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனை மதராஸ் அரசு தடுப்புக் காவலில் வைத்தது. அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த அதே 1950-இல் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை, சட்டம் ஒன்று இருக்கிறது, அதன்படி செய்தார்கள், அது போதும் என்றது. பசல் அலி மட்டும், தனிமனித சுதந்திரத்தைப் பறிக்கும் நடைமுறை என்றால் அதில் குறைந்தது நான்கு அம்சங்களாவது இருக்க வேண்டும் என்றார்: முன்னறிவிப்பு, தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பு, நடுநிலையான தீர்ப்பாளர், ஒழுங்கான விசாரணை. 1970-இல் வங்கிகள் தேசியமய வழக்கில் கோபாலன் தீர்ப்பின் அடித்தளம் ஆட்டம் கண்டது, 1978-இல் மேனகா காந்தி வழக்கில் பசல் அலியின் பார்வையே சட்டமாகியது. 28 ஆண்டுகள்.

நெருக்கடி நிலையில் எச்.ஆர். கன்னா எழுதியது எல்லோருக்கும் தெரிந்த கதை. 1976 ஏப்ரல் 28, ஜபல்பூர் வழக்கு. சிறையில் அடைக்கப்பட்டவர்கள் நீதிமன்றத்தை நாடலாம் என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருந்தன. உச்ச நீதிமன்றத்தில் நால்வர் முடியாது என்றார்கள், கன்னா முடியும் என்றார். 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி இளையவரான பெக் தலைமை நீதிபதியாக்கப்பட்டார், கன்னா ராஜினாமா செய்தார். உயிர் வாழும் உரிமையை நெருக்கடி நிலையிலும் நிறுத்தி வைக்க முடியாது என்று 44-ஆவது திருத்தம் வந்தது. நால்வரில் ஒருவரான பகவதி, அந்தத் தீர்ப்பு தவறு என்று முதுமையில் வெளிப்படையாகவே சொன்னார். 2017 ஆகஸ்ட் 24 அன்று அந்தரங்க உரிமை வழக்கில் ஒன்பது பேர் அமர்வு அதைத் தூக்கி எறிந்தது. அப்படி எழுதிய டி.ஒய். சந்திரசூட், ஜபல்பூர் நால்வரில் இன்னொருவரான ஒய்.வி. சந்திரசூட்டின் மகன். 1962-இல் போலீஸ் கண்காணிப்பை எதிர்த்து வந்த கரக் சிங் வழக்கில் சுப்பா ராவ் எழுதிய சிறுபான்மைத் தீர்ப்பும் அதே நாளில்தான் சரியென்று ஆனது.

ஆனால் இந்த மூன்று பெயர்களை வைத்து, மாறுபட்டவர் என்றாலே தீர்க்கதரிசி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1970 வங்கி வழக்கில் 10-க்கு 1 என்று தனித்து நின்றவர் ஏ.என். ரே. அரசு செய்தது சரி என்பதுதான் அவர் கருத்து. ஜபல்பூரில் தலைமை வகித்தவரும் அவரே. சிறுபான்மைத் தீர்ப்புகளில் பெரும்பாலானவை யாரும் திரும்பிப் பார்க்காமலே போய்விட்டவை. படிக்கும்போது அந்த நீதிபதி பெரும்பான்மையின் காரணத்தை நேருக்கு நேர் எடுத்து மறுத்திருக்கிறாரா, அல்லது தனக்குப் பிடித்த கொள்கையைப் பேசிவிட்டுப் போயிருக்கிறாரா என்று பாருங்கள். ஆதார் வழக்கில் (2018) அந்தச் சட்டத்தைப் பண மசோதாவாக (மாநிலங்களவையால் தடுக்க முடியாத வகை) கொண்டுவந்தது ஏமாற்று என்று சந்திரசூட் தனித்து எழுதினார். மறுவருடமே இன்னொரு அமர்வு, பெரும்பான்மை அந்தக் கேள்வியைச் சரியாக அலசவில்லை என்று ஏழு பேருக்கு அனுப்பியது. முதல் வகைக்கு அது நல்ல மாதிரி.

கேசவானந்த பாரதி வழக்கில் 7-க்கு 6 என்கிறார்கள். அந்த 7 எப்படி வந்தது?

13 நீதிபதிகள், 68 நாள் விசாரணை, 11 தனித்தனித் தீர்ப்புகள். 1973 ஏப்ரல் 24. ஆறு பேர் நாடாளுமன்றத்தின் திருத்தும் அதிகாரத்துக்கு உள்ளார்ந்த வரம்பு உண்டு, அடிப்படை உரிமைகளின் சாரத்தைத் தொடக்கூடாது என்றார்கள். ஆறு பேர் அப்படி வரம்பே இல்லை என்றார்கள். நடுவில் கன்னா. அடிப்படை உரிமைகளைத் திருத்தலாம், ஆனால் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை மாற்ற முடியாது என்றார். அதாவது இன்று நாம் பாடமாகப் படிக்கும் கோட்பாடு, அதே வடிவில், ஒரே ஒருவர் சொன்னது. தீர்ப்போடு "பெரும்பான்மையின் கருத்து" என்று ஒரு சுருக்கத் தாள் வாசிக்கப்பட்டது. 9 பேர் கையெழுத்திட்டார்கள், 4 பேர் மறுத்துவிட்டார்கள். அந்தத் தாளுக்குச் சட்டத்தில் என்ன இடம் என்ற சண்டை வெகுகாலம் ஓடியது. அதற்குப் பின் பல அமர்வுகள் அந்தக் கோட்பாட்டை ஏற்றுப் பயன்படுத்திவிட்டதால் இன்று கேள்வி சாரமிழந்துவிட்டது.

ஒருவராவது மாறுபட்டிருந்தால் சீராய்வு மனு ஜெயிக்குமா?

அதை நம்பி மனு போடாதீர்கள். தீர்ப்பை மறுபடி பார்க்கச் சொல்லும் சீராய்வு மனுவைக் கூடியவரை அதே அமர்வுதான் பார்க்கும், அப்பட்டமான பிழை இருக்க வேண்டும். 10 சதவீத இடஒதுக்கீட்டு வழக்கில் இரண்டு பேர் மாறுபட்டிருந்தும் சீராய்வு மனுக்கள் 2023 மேயில் தள்ளுபடியாயின.

சபரிமலை விதிவிலக்கு. எல்லா வயதுப் பெண்களும் கோவிலுக்குள் போகலாம் என்று 2018 செப்டம்பர் 28 அன்று வந்த தீர்ப்பு 4-க்கு 1, இந்து மல்ஹோத்ரா மட்டும் மாறுபட்டார். அமர்வில் இருந்த ஒரே பெண் அவர். தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா ஓய்வு பெற்று அந்த இடத்துக்கு ரஞ்சன் கோகோய் வந்தார், அவரும் முன்பு பெரும்பான்மையில் இருந்த கான்வில்கரும் மல்ஹோத்ராவோடு சேர்ந்தார்கள். 2019 நவம்பர் 14 அன்று, பெரிய அமர்வு சில கேள்விகளைத் தீர்க்கும் வரை சீராய்வு மனுக்கள் நிலுவையில் இருக்கட்டும் என்று 3-க்கு 2-இல் உத்தரவு வந்தது. முன்பு தனியாக நின்ற மல்ஹோத்ரா இப்போது பெரும்பான்மையில். கவனம்: அந்த உத்தரவு 2018 தீர்ப்பை ரத்து செய்யவில்லை.

எல்லோரும் ஒரே குரலில் சொல்லிவிட்டால் நல்லதில்லையா?

சில வழக்குகளில் நீதிமன்றமே அதை விரும்பியிருக்கிறது. 2019 அயோத்தித் தீர்ப்பில் எழுதியவர் பெயர்கூட இல்லை. பிரிட்டிஷ் காலத்தில் நம் மேல்முறையீடுகள் போன பிரிவி கவுன்சிலில் ஒரே கருத்துதான் வெளியே வரும், உள்ளே மாறுபட்டவர் யார் என்றே தெரியாது. 1966-இல்தான் மாறுபட்ட கருத்தை வெளியிட அங்கே அனுமதி வந்தது. அந்த மௌனத்தைவிட இன்றைய சத்தமே மேல்.

தீர்ப்பை வெளிப்படையாக விமர்சிக்கலாமா? அவமதிப்பு ஆகிவிடாதா?

முடிந்துபோன வழக்கின் தீர்ப்பை நியாயமாக விமர்சிப்பது குற்றமில்லை என்று 1971 நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 5-ஆவது பிரிவே சொல்கிறது. "இந்தக் காரணம் தவறு" என்று எழுதலாம். நீதிபதிக்கு உள்நோக்கம் கற்பித்தால்தான் வம்பு. நீதிபதிகள் வர்க்கச் சார்போடு நடக்கிறார்கள் என்று பேசிய கேரள முதல்வர் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் மீதான தண்டனையை 1970-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது, அபராதத்தை மட்டும் 1,000 ரூபாயிலிருந்து 50 ரூபாயாகக் குறைத்தது. சிறுபான்மைத் தீர்ப்பு இருந்தால் விமர்சகருக்கு வசதி: கடுமையான வாதத்தை ஒரு நீதிபதியே எழுதிவைத்திருப்பார், அதை மேற்கோள் காட்டினால் போதும்.

பல தீர்ப்புகள் உள்ள வழக்கை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

கடைசிப் பக்கத்திலிருந்து. "நீதிமன்றத்தின் உத்தரவு" என்று எல்லோரும் கையெழுத்திட்ட பகுதி இருந்தால் அதுதான் முடிவு. அடுத்து ஒவ்வொரு தீர்ப்பின் முதல் இரண்டு பக்கம். யார் யாரோடு, எதில் ஒத்துப்போகிறார் என்று அங்கே சொல்லிவிடுவார்கள். ஒரு தாளில் கேள்விகளை வரிசையாக எழுதி, எதிரே நீதிபதிகளின் பெயரைப் போட்டு ஆம், இல்லை என்று குறித்துக்கொண்டே போங்கள். "முடிவை ஏற்கிறேன்" என்று மட்டும் எழுதியிருந்தால் காரணத்துக்கான கட்டத்தைக் காலியாக விடுங்கள். முழுதும் படிக்க நேரமில்லை என்றால் சிறுபான்மைத் தீர்ப்பை முதலில் படியுங்கள், பெரும்பான்மையின் பலவீனமான இடம் எது என்று அங்கே பளிச்சென்று தெரியும்.

தமிழில் கிடைக்குமா?

உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்சிஆர் தளத்தில் தீர்ப்புகளை இலவசமாகவே படிக்கலாம், பல தீர்ப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. விஷயம் புரிந்துகொள்ள அது போதும். அரசியலமைப்புச் சட்டத்தின் 348-ஆவது பிரிவின்படி உச்ச நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம் என்பதால், மனுவிலோ வாதத்திலோ காட்டும்போது ஆங்கில மூலத்தின் பத்தி எண்ணையும், அந்தப் பத்தியை எழுதிய நீதிபதியின் பெயரையும் சேர்த்தே குறிப்பிடுங்கள்.